“மோட்டர் போயிட்டு” என்று சொல்ல முதல் ஒரு பல்பைப் பிடித்துப் பாருங்கள்

“மோட்டர் போயிட்டு சேர். செட்டோட மாத்தணும்.”

பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். பவர் ஷட்டர் ஒன்று ஏறாமல் நின்றால் போதும். கதவின் உள்மட்டையைக் கழற்ற முதலே, சுவிட்சை இரண்டு தரம் அமத்திப் பார்த்துவிட்டு, நின்ற நிலையிலேயே தீர்ப்பு வந்துவிடும். சாட்சி இல்லை, விசாரணை இல்லை, நேரே தண்டனை. தண்டப்பணம் எங்கட பொக்கட்டிலிருந்து.

இதை வாசிக்கும் கராஜ் பாஸ்மார் உடனே கோபப்பட வேண்டாம். கடைசிவரை வாசியுங்கள். உங்களுக்கு விழுவதை விட வாகனச் சொந்தக்காரர்களுக்குத்தான் இந்தப் பதிவில் அதிகம் விழும்.

முதலில் ஏன் இது சின்ன விசயம் இல்லை என்று சொல்லிவிடுகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த கதவால் உள்ளே வரும் வாகனத்தின் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ரோட்டில் நின்று எண்ணிப் பாருங்கள். 110 கொரோலா, எஃப்பி 15 சன்னி, லான்சர், டவுன்ஏஸ் எல்லாம் இன்னும் ஓடுகின்றன. இருபது, இருபத்தைந்து வயதுச் சாமான்கள். அவற்றை விற்றுவிட்டுப் புதியது எடுப்பது அரச சம்பளக்காரருக்கு நடக்கிற காரியமா? இருப்பதைச் சரியாகப் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்கு இருக்கிற ஒரே வழி. அதற்கு மேல் கடற்காற்று வேறு. உப்பு எந்த வயரையும், எந்தச் சுவிட்சையும் சும்மா விடுவதில்லை.

எங்கட வீட்டுக் காரில் போன மழைக்கு நடந்ததைச் சொல்கிறோம். முன் இடது பக்க ஷட்டர் இறங்கும், ஏறாது. அந்தப் பக்கம்தான் உம்மா இருப்பா. நெஞ்சுச் சளிக்காரி. கிளினிக்குக்கு மாதம் ஒரு தரம் போகவேண்டும். மழை கொட்டுது, கண்ணாடி கீழே. முதல் கராஜில் மோட்டரும் ரெகுலேட்டரும் செட்டாக 35,000 ரூபாய், அதுவும் பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த சாமான் எடுத்துப் போடுவதற்கு. இரண்டாவது இடத்தில் “கதவு வயரிங் முழுக்க அடிக்கணும்”. மூன்றாவது இடத்தில் அக்கறையோடு ஒரு ஆலோசனை தந்தார்கள்: “சேர், இத வித்துப்போடுங்க.” மூன்று இடத்திலும் ஒருவர் கையிலும் ஒரு டெஸ்ட் லைட்டைக்கூட நாங்கள் காணவில்லை.

இப்போது கொஞ்சம் யோசிப்போம். ஷட்டர் மோட்டர் என்பது ஒரு நேரோட்ட மோட்டர். சாதாரண தர விஞ்ஞானத்தில் படிக்கிற அதே மோட்டர். அதற்கு ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று தனித்தனியாக இல்லை. இரண்டு வயர்தான். ஒரு பக்கம் நேரும் மறுபக்கம் மறையும் கொடுத்தால் ஒரு திசைக்குச் சுற்றும். முனைவை மாற்றிக் கொடுத்தால் மறுதிசைக்குச் சுற்றும். சுவிட்ச் செய்கிற வேலை இந்த மாற்றம் மட்டுமே. அப்படியென்றால், கண்ணாடியை நல்ல வேகத்தில் இறக்கிக் காட்டும் மோட்டர் “போயிட்டு” என்று எப்படிச் சொல்வது? ஏறும்போது கண்ணாடியின் பாரம் சேருவது உண்மை. ரப்பர் இறுகியிருந்தாலும் ஏறாது. ஆனால் அப்படி என்றால் மோட்டர் முக்கும், கதவுக்குள் சத்தம் கேட்கும், உள்லைட் கொஞ்சம் மங்கும். எங்கட காரில் ஏற்றச் சுவிட்சை அமத்தினால் ஒரு சத்தமும் இல்லை. லைட் அசையவே இல்லை. அதாவது மின்னோட்டமே போகவில்லை. மின்னோட்டம் போகாத இடத்தில் மோட்டரைக் குற்றவாளி ஆக்குவது எந்த ஊர் நியாயம்?

இந்த உள்லைட் பரிசோதனைக்குச் சல்லிக்காசு செலவில்லை. இரவில் செய்யுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஒன் பண்ணி, உள்லைட்டைப் போட்டுவிட்டு ஷட்டர் சுவிட்சை அமத்துங்கள். லைட் மங்கினால் மின்னோட்டம் மோட்டர் வரை போகிறது, தடங்கல் இயந்திரப் பக்கம்: ரப்பர் இறுக்கம், ரெகுலேட்டர், அல்லது மோட்டரே இறுகிவிட்டது. லைட் மங்காவிட்டால் எங்கோ பாதை அறுந்திருக்கிறது: பியூஸ், சுவிட்ச், வயர், சில நேரம் மோட்டருக்குள் இருக்கிற கார்பன் பிரஷ். மோட்டர் உறுமும், கண்ணாடி அசையாது என்றால் கேபிள் அறுந்திருக்கும் அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப் உடைந்திருக்கும். அரை நிமிட வேலை. கராஜ் வாசலுக்குப் போக முதல் குற்றவாளிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிடும்.

எங்கட காரில் நாங்கள் செய்தது இதுதான். உள்மட்டையைக் கழற்றி மோட்டரின் பிளக்கைப் பிரித்தோம். 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்து, பிளக்கின் இரண்டு முனைக்கும் குறுக்கே பிடித்தோம். இறக்கச் சுவிட்சை அமத்தினால் பல்பு பளிச். ஏற்றச் சுவிட்சை அமத்தினால் இருட்டு. பிறகு பல்பின் ஒரு வயரைக் காரின் இரும்பு உடம்பில் வைத்து, மற்றதைப் பிளக்கின் ஒவ்வொரு முனையிலும் தொட்டுக்கொண்டு ஏற்றச் சுவிட்சை அமத்தினோம். ஒரு முனையில் எரிந்தது. ஆக, நேர்ப்பக்கம் வருகிறது. திரும்பிப் போகிற பாதைதான் அறுந்திருக்கிறது.

அந்தத் திரும்பும் பாதை எங்கே போகிறது? இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். பல பழைய ஜப்பான் வாகனங்களில் இடது பக்கக் கதவின் மோட்டர் தன்னுடைய மறைப் பாதையைத் தன் கதவிலிருந்து எடுப்பதில்லை. அது டிரைவர் கதவில் இருக்கிற பெரிய சுவிட்சுக்குப் போய், அங்கே இருக்கிற தொடுகை வழியாகத்தான் உடம்புக்குப் போகும். டிரைவர் இருந்த இடத்திலிருந்தும் மற்றவர் இருந்த இடத்திலிருந்தும் ஒரே கண்ணாடியை ஏற்றி இறக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே இடது பக்கக் கதவின் நோய் வலது பக்கக் கதவில் இருக்கலாம். இது தெரியாமல் இடது கதவுக்குள் எத்தனை புது மோட்டர் போட்டாலும் கண்ணாடி ஏறாது. பெரிய சுவிட்சைக் கழற்றித் திறந்தோம். ஒரு தொடுகை பச்சை பிடித்து, அதற்கு மேல் கறுத்துப்போய். மெல்லிய மணல்தாள் ஒரு துண்டு, கொன்டக்ட் கிளீனர் ஸ்ப்ரே. வேலை முடிந்தது. (டிரைவர் கதவின் சுவிட்சுக்கு மேலே பிளேன்டி கோப்பையை வைக்கிற பழக்கம் உள்ள நானாமாரே, அடுத்தது உங்கள் வண்டி.)

இதை வாசித்துவிட்டு “அப்ப மோட்டர் ஒருநாளும் பழுதாகாதா?” என்று கேட்பீர்கள். தாராளமாகப் பழுதாகும். பக்கத்து வீட்டு லான்சரில் பல்பு இரண்டு திசைக்கும் பளிச்சென்று எரிந்தது. பெட்டரியிலிருந்து பியூஸ் வைத்த வயரால் நேரே கொடுத்தும் மோட்டர் அசையவில்லை. கதவின் அடிப்பக்கத் தண்ணீர் போகும் துளைகள் மண்ணால் அடைத்து, உள்ளே தண்ணீர் தேங்கி, மோட்டர் துருவேறிப் போயிருந்தது. அந்த வீட்டுக்காரர் மோட்டர் வாங்கினார், மனநிறைவோடு வாங்கினார். மோட்டர் வாங்குவதை நாங்கள் எதிர்க்கவில்லை. பார்க்காமல் வாங்க வைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

“மீட்டர் வெச்சுப் பாத்தோம், 12 வோல்ட் வருது, அப்ப மோட்டர்தான்” என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மீட்டர் இருப்பது நல்லது. ஆனால் மீட்டர் மின்னோட்டத்தைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை. ஒரு தொடுகை கருகி 2 ஓம் தடையோடு இருந்தாலும் மீட்டர் சந்தோசமாக 12 வோல்ட் காட்டும். மோட்டரை மாட்டினால் கதை வேறு. கணக்கு இலேசாக இருக்க மோட்டரையும் 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்த வித்தியாசத்தில் பாதி, 6 வோல்ட், அந்தக் கருகிய இடத்திலேயே தொலைந்துவிடும். மிச்ச 6 வோல்ட்டில் கண்ணாடி ஏறுமா? அதனால்தான் 21 வாட் பல்பைச் சொல்கிறோம். அது கிட்டத்தட்ட 1.75 அம்பியர் இழுக்கும். பாதை பலவீனம் என்றால் மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். விலை உயர்ந்த மீட்டரை விட இந்த விசயத்தில் ஒரு பழைய பல்பு நேர்மையானது.

சரி, பாஸ்மார் ஏன் இதைச் செய்வதில்லை? தெரியாமலா? சிலருக்குத் தெரியாது, அது வேறு. ஆனால் நல்லாத் தெரிந்த, கை சுத்தமான பாஸ்மார் எங்கட ஊரில் இருக்கிறார்கள். அவர்களும் “செட்டோட மாத்துவோம்” என்றுதான் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் வாகனச் சொந்தக்காரர்கள்.

ஒரு பாஸ் வெயிலில் குந்தி இருந்து, உள்மட்டையைக் கழற்றி, ஒன்றரை மணித்தியாலம் வயர் வயராகத் தேடி, ஒரு தொடுகையைச் சுத்தம் செய்து ஷட்டரை ஏற்றித் தருகிறார். 3,000 ரூபாய் கேட்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? “என்ன பாஸ், ஒரு சாமானும் போடல்ல, சும்மா தேச்சுத்தானே விட்டீங்க, அதுக்கு 3,000மா?” 1,000 ரூபாயைக் கையில் திணித்துவிட்டு, போகிற வழியெல்லாம் “அவன் கொள்ளைக்காரன்” என்று சொல்லிக்கொண்டு போகிறோம். அதே ஆள் அடுத்த நாள் 35,000 ரூபாய்க்கு ஒரு செட்டைப் போட்டுக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் கொடுக்கிறோம். ஏன்? கையில் ஒரு சாமான் கிடைக்கிறது, பழையதை ஒரு பேக்கில் போட்டுத் தருகிறார், கண்ணுக்குத் தெரிகிறது. மூளைக்குக் காசு கொடுக்க மனம் வராது. இரும்புக்குக் கொடுக்கலாம்.

அப்படியே பத்து வருடம் நடத்தினால் என்ன நடக்கும்? தேடிப் பார்க்கிறவன் பட்டினி கிடப்பான். மாற்றிப் போடுகிறவன் வீடு கட்டுவான். கராஜில் வேலை பழக வரும் பொடியனும் அதைப் பார்த்துத்தான் படிப்பான். டெஸ்ட் லைட்டைத் தூக்குவது நட்டம், போனை எடுத்துச் சாமான் கடைக்குக் கோல் பண்ணுவது இலாபம். இந்தப் பாடத்தை அந்தப் பொடியனுக்குச் சொல்லிக் கொடுத்தது பாஸ் இல்லை. பேரம் பேசிய வாகனக்காரர்தான்.

ஆகவே எங்கட கோரிக்கை நேரடியானது. பார்க்கிற கூலி என்று ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். “பாஸ், முதலில் என்ன பிழை என்று கண்டுபிடியுங்க, அதற்கு இவ்வளவு தாறன், பிறகு மாத்துறதைப் பற்றிப் பேசுவோம்” என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். டொக்டருக்குச் சனல் பண்ணிப் போகிறோம். அவர் மருந்து எழுதாமல் “ஒன்றுமில்லை, போங்க” என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கிறோமா? இல்லையே. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு வருகிறோம். பாஸுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

பாஸ்மாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். கூலி தருகிற ஆளுக்குப் பரிசோதனையைக் காட்டுங்கள். “இந்தாங்க, பல்பு எரியுது, மோட்டருக்குக் கரண்ட் வருது, ஆனா மோட்டர் சுத்தல்ல” என்று வாகனக்காரரின் கண்முன் காட்டினால் யார் மறுப்பார்? காட்ட மறுக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் நாங்கள் இனி எல்லோருக்கும் சொல்லப் போகிறோம். அப்படிச் சொல்வதால் யாருடைய பிழைப்பும் போகாது. காட்டத் தெரிந்தவருக்கு வேலை கூடும்.

இனி வீட்டு வைத்தியக்காரர்களுக்கு வருவோம். இவர்கள்தான் ஆபத்தானவர்கள்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று ஈயத்தாளைச் சுற்றி வைக்கிறவர்கள் ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம் 20 அம்பியர் இடத்தில் 30ஐச் செருகும். ஏனப்பா, பியூஸ் போவது பியூஸின் குற்றமா? எங்கோ வயர் உரசி இரும்பில் படுகிறது, அல்லது மோட்டர் இறுகிப்போய் மடங்கு மடங்காக இழுக்கிறது. அதைச் சொல்லத்தான் அது செத்துப் போகிறது. செய்தி கொண்டுவந்தவனின் வாயைக் கட்டிவிட்டால், அடுத்தது சூடாகப்போவது கதவுக்குள் இருக்கிற வயர். அதற்குப் பக்கத்தில் இருப்பது நம் பிள்ளை.

அடுத்த கூட்டம், டேஷ்போர்ட்டில் கோலிங் பெல் சுவிட்சைப் பூட்டி நேரே வயர் இழுப்பவர்கள். “இப்ப நல்லா வேலை செய்யுது” என்று பெருமை வேறு. டிரைவர் கதவில் இருக்கிற லொக் பட்டன் என்ன வேலைக்கு இருக்கிறது என்று அவர்களிடம் கேட்கவேண்டும். மற்றக் கதவுகளின் சுவிட்சைப் பிள்ளைகள் தொட்டாலும் வேலை செய்யாமல் வைப்பதற்குத்தான் அது. பழைய வாகனங்களின் சுவிட்ச் பலவும் ஊஞ்சற்பலகை மாதிரி, ஒரு பக்கம் அமத்தினால் ஏறும், மறுபக்கம் அமத்தினால் இறங்கும். பின் சீட்டில் இருக்கிற பிள்ளை தலையை வெளியே போட்டு எட்டிப் பார்க்கும்போது முழங்கால் அந்தச் சுவிட்சில் விழுந்தால் கண்ணாடி ஏறும், கழுத்தை நோக்கி. புதிய வாகனங்கள் பலவற்றில் ஏதாவது தடுபட்டால் கண்ணாடி தானாகத் திரும்பி இறங்கும். எங்கட காலத்து வண்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது. லொக் பட்டனைத் தாண்டி வயர் இழுத்தவர் தன் பிள்ளைக்குச் செய்தது என்ன என்று இப்போது விளங்குகிறதா? (சொல்ல மறக்கக் கூடாத இன்னொன்று: பின் ஷட்டர் எல்லாம் “பழுது” என்று வந்த வாகனங்களில் சிலவற்றில், பிள்ளை விளையாட்டாக லொக் பட்டனை அமத்தி வைத்திருப்பதுதான் நோய். முதலில் அதைப் பாருங்கள்.)

மூன்றாவது கூட்டம் மட்டையை மடித்துச் செருகி, செலோடேப் ஒட்டி, “ஏசி இருக்குத்தானே, ஷட்டர் எதுக்கு?” என்பவர்கள். இவர்களோடுதான் எங்களுக்குச் சண்டை அதிகம். 2024 நவம்பர் வெள்ளத்தை எங்கட பக்கம் யாரும் மறக்கவில்லை. மாவடிப்பள்ளியில் நடந்தது உழவு இயந்திரத்தில், அதற்கும் ஷட்டருக்கும் தொடர்பில்லை. ஆனால் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடும்போது ஒரு வாகனம் எவ்வளவு இலேசாக இழுபடும் என்று நம் எல்லோருக்கும் அன்று தெரிந்தது. ஒரு கார் தண்ணீருக்குள் இறங்கினால் வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் கதவு திறக்காது. மின்சாரம் இன்னும் வேலை செய்கிற முதல் கொஞ்ச நேரத்துக்குள் கண்ணாடியை இறக்கி அதன் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அந்த நேரத்தில் நான்கு கதவிலும் மட்டை செருகி டேப் ஒட்டிய வாகனத்தில் இருக்கிறவர்களின் நிலை என்ன? அடைமழைக் காலத்துக்கு முதல் டயரைப் பார்க்கிறோம், வைப்பரைப் பார்க்கிறோம். நான்கு ஷட்டரையும் ஒருதரம் இறக்கி ஏற்றிப் பார்ப்பதற்கு என்ன வருத்தம்?

கை வைக்க விரும்புகிறவர்களுக்குச் சில விசயங்கள். மெதுவாக ஏறுகிற கண்ணாடிக்கு உடனே மோட்டரைக் குறை சொல்ல வேண்டாம். கண்ணாடி ஓடுகிற ரப்பர் சனலில் எங்கட கடற்கரை மணலும் தூசும் எத்தனை வருடமாகச் சேர்ந்திருக்கிறது என்று விரலை விட்டுப் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கன் ஸ்ப்ரே அடியுங்கள். கிரீஸோ எஞ்சின் ஒயிலோ வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும், மணலையும் இழுத்துப் பிடிக்கும். பிள்ளைகள் ஏற்றி இறக்கி விளையாடும்போது மோட்டர் திடீரென நின்று, பத்து நிமிடத்தில் தானாக வேலை செய்தால் பயப்பட வேண்டாம். சூடானால் நிற்கிற பாதுகாப்பு பல மோட்டர்களுக்குள்ளேயே இருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போது சில கோணத்தில் மட்டும் வேலை செய்கிறது என்றால், கதவுக்கும் தூணுக்கும் இடையில் இருக்கிற கறுப்பு ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் டிரைவர் கதவு மடங்கி நிமிர்கிறது? அதற்குள் இருக்கிற வயர் வெளியே நல்லாத் தெரியும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். சுவிட்சை அமத்தியபடி கதவில் ஒரு தட்டுத் தட்டினால் மோட்டர் உயிர் பெறுகிறது என்றால் அது பிரஷ் தேய்ந்த அடையாளம். அப்போது மோட்டருக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம்.

உள்மட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளைக் கிழித்து வீசாதீர்கள். கண்ணாடி வழியாக வடிகிற மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். நிறையக் கராஜ்களில் அதைக் குப்பை என்று நினைக்கிறார்கள். பிறகு கால்மிதி நாறுது என்று நாம் வாசனை மாட்டிக்கொண்டு திரிகிறோம். ஒன்று மட்டும் நீங்களாகச் செய்ய வேண்டாம்: கத்தரிக்கோல் மாதிரிக் கை உள்ள ரெகுலேட்டரில் பெரிய சுருள்வில் இருக்கும். கையை அசையாமல் இறுக்கிக் கட்டாமல் மோட்டரைக் கழற்றினால் அது பாயும். விரல் போகும். அதை அனுபவமுள்ள பாஸிடம் விடுங்கள், கூலியையும் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கடைசியாகப் பாடசாலைப் பக்கம். கல்வியியல் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு விசயம் குறையறி சோதனை. பிள்ளையின் விடை பிழை என்றால் முழுப் பாடத்தையும் திரும்பப் படிப்பிக்காதே, எந்தப் படியில் பிழைத்தது என்று முதலில் கண்டுபிடி என்பார்கள். ஷட்டருக்கும் அதுவேதான் முறை. ஆனால் சாதாரண தரத்தில் ஓமின் விதிக்கு முழுப் புள்ளி எடுத்த பிள்ளையிடம் வீட்டுக் காரின் பியூஸ் பெட்டி எங்கே என்று கேட்டால் முழிக்கிறது. பரீட்சை தாளில் மட்டும் நடக்கும்வரை அது முழிக்கத்தான் செய்யும். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. இன்றும் அதற்குப் பிள்ளையை அனுப்பச் சொன்னால், “என்ன சேர், எங்கட மகனுக்கு மூளை இல்லையெண்டா சொல்றீங்க?” என்று பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். வாகன மின்வேலையில் என்.வி.கியூ. முடித்த பிள்ளைக்கு மாப்பிள்ளை பேச்சில் “கராஜில் நிக்கிறவனா?” என்று ஒரு இழுப்பு. அந்த இழுப்பை இழுக்கிற ஆள்தான் மறுநாள் ஷட்டர் ஏறவில்லை என்று, ஒன்றும் படிக்காத ஒருவரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரையும் அந்தத் தொழிலிலிருந்து துரத்திவிட்டு, “கெட்டிக்கார பாஸ் இல்லை” என்று புலம்புவது எந்தக் கணக்கு?

அடுத்த தவணையில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டெஸ்ட் லைட் செய்யப் பழக்கப் போகிறோம். ஒரு பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு முழ வயர், இரண்டு முதலைக் கிளிப். வீட்டில் கழற்றிப் போட்ட பழைய பிரேக் லைட் பல்பு, பழுதான ஷட்டர் மோட்டர், சுவிட்ச் இருந்தால் வீசாமல் தாருங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. ஏன் துருப்பிடித்தது என்பதும் பாடம்தான்.

கொமண்டில் வாகனத்தின் மொடல், வருடம், எந்தக் கதவு, ஏறவில்லையா இறங்கவில்லையா, சத்தம் வருதா இல்லையா, உள்லைட் மங்குதா இல்லையா என்று எழுதுங்கள். முடிந்தவரை பதில் சொல்கிறோம். ஊரில் உள்ள நல்ல வயரிங் பாஸ்மாரையும் மென்ஷன் பண்ணுங்கள், அவர்கள் எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். “அந்த மூணு கராஜும் எது?” என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டோம்.